எதையும் பிடிக்காத வைஸ்கள்

பட்டர்வொர்த் மாக் மண்டினில் என் வீட்டுப் பின்கட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பழைய பெஞ்ச் வைஸ்கள் இருக்கின்றன. துரு எடுத்து, பெயின்ட் அடித்து, எண்ணெய் தடவி, மேல்தட்டு கீழ்த்தட்டு என்று வரிசையாக அடுக்கியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள், "யாரும் கண்டுக்காத சாமானையெல்லாம் காப்பாத்தி வச்சிருக்கீங்க, பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பல வருடம் அந்தப் பாராட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். இனி முடியாது. அந்த வைஸ்களை நான் வாங்கிய விதமும், புதுப்பித்த விதமும், வைத்திருந்த விதமும் நேர்மையானவை அல்ல. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். வைஸ் என்பது மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு வார்ப்பிரும்புப் பிடி. அதற்கு இரண்டு தாடைகள். ஒன்று அசையாது. மற்றது, கைப்பிடியைச் சுற்றினால் திருகோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். நடுவில் வைத்த இரும்பை அவை இறுகக் கவ்விக்கொண்ட பிறகுதான் ஃபிட்டரின் இரண்டு கைகளும் வேலைக்குத் தயாராகும். அரத்தால் ராவுவது, வாளால் அறுப்பது, துளைக்குப் புரி போடுவது எல்லாம் அதற்கு அப்புறம். வைஸைப் பூட்டும்போது தாடையின் மேல்விளிம்பு வேலை செய்பவனின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும் என்பது பழைய கணக்கு. அதைவிடத் தாழ்ந்தால் முதுகு போய்விடும், உயர்ந்தால் தோள் போய்விடும். ஒரு பழைய பட்டறையில் வைஸ் நிற்கும் உயரத்தைப் பார்த்தே அங்கே வேலை செய்தவர் நெட்டையா குட்டையா என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட பட்டறைகளுக்குக் குறைவே இருந்ததில்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902இல் பட்டர்வொர்த்தில் வெள்ளீய உருக்காலையை நிறுவியது. பிறையில் ரயில் வந்து நின்றது. 1967இல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கும்வரை பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் பிறையில் இறங்கித்தான் தண்ணீரைத் தாண்டினார்கள். அதே 1967இல் பிறையில் மலாயாவாத்தா இரும்பாலை ரப்பர் மரத்துக் கரியை வைத்து இரும்பு உருக்கத் தொடங்கியது. அறுபதுகளில் மாக் மண்டினும் தொழிற்பேட்டையாகிவிட்டது. ரயில், துறைமுகம், பொதுப்பணித் துறை, தோட்டத்து ரப்பர் ஆலை, லோரி ஒர்க்‌ஷாப் என்று இரும்பு ஓடிய இடமெல்லாம் தேய்ந்த பாகத்தை மறுபடி செய்து பொருத்த ஒரு ஃபிட்டர் வேண்டும். அந்த ஃபிட்டர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். அவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வைஸ் நின்றது.

அந்தக் காலத்து வைஸ்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஷெஃபீல்டில் 1898இல் தொடங்கிய சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனத்தின் ரெக்கார்ட் வைஸ்கள் நீல நிறம். மூன்றாம் நம்பருக்கு நாலு இஞ்சுத் தாடை, ஆறாம் நம்பருக்கு ஆறு இஞ்சு. யார்க்‌ஷரில் ஷிப்லி என்ற ஊரின் பார்க்கின்சன் கம்பெனி 'பெர்ஃபெக்ட் வைஸ்' என்ற பெயரை வார்ப்பிலேயே எழுத்தாக வைத்தது. அதன் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள நெம்பை அழுத்தினால் உள்ளே இருக்கும் பாதி நட்டு திருகை விட்டு விலகும். தாடையைக் கையால் இழுத்து வேண்டிய தூரத்தில் நிறுத்தி, நெம்பை விட்டுவிட்டு, கால் சுற்றுச் சுற்றினால் போதும், இறுகிவிடும். நாள் முழுக்கத் திறந்து மூடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெட்னஸ்பரியில் செய்த வோடன் உண்டு. அபூர்வமாக அமெரிக்க வில்டனும் கிடைக்கும். ஹியூ வோகல் என்ற செக் நாட்டுக்காரர் 1941இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி அது. திருகை உருண்டையான கூட்டுக்குள் மூடி வைத்திருப்பதால் அரப்பொடி உள்ளே போகாது. கொல்லுப் பட்டறையில் இருக்கும் கால் வைஸ் வேறு வகை. அதன் ஒரு கால் தரை வரை இறங்கும். சுத்தியல் அடியை அந்தக் கால் மண்ணுக்குள் கடத்திவிடும்.

நான் ஃபிட்டர் இல்லை. ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபிட்டர்களுக்கு அரமும் ரம்ப பிளேடும் கணக்கெழுதிக் கொடுத்தவன். அவர்கள் வைஸ் முன்னால் நின்று வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் வரும். அந்த வேலை எனக்கு வராது. அந்தச் சாமானையாவது சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் தப்பு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

தொடக்கத்தில் தீவுக்குப் போய்த் தேடினேன். ஜார்ஜ் டவுனில் பிந்தால் தாலி சாலையில் ஒரு காலத்தில் பழைய சாமான் சந்தை இருந்தது. அதை ரோப் வாக் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பிறகு அது ஸ்டேடியம் பக்கம் லோரோங் கூலிட்டுக்கு மாறியது. காலையில் பெர்ரி ஏறிப் போய், தார்ப்பாய் விரித்த கடைகளில் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே விற்கிறவர்கள் விவரமானவர்கள். எந்த வைஸ் என்ன விலை போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் பேரம் பேசலாம், ஏமாற்ற முடியாது. அதனால் கொஞ்ச நாளில் அந்தச் சந்தை எனக்குச் சலித்துவிட்டது. விவரம் தெரியாதவர்களைத் தேட ஆரம்பித்தேன்.

விவரம் தெரியாதவர்கள் யார்? சாமானுக்குச் சொந்தக்காரர் இறந்துபோன வீட்டில் இருப்பவர்கள். எந்த வீட்டில் பழைய ஃபிட்டர் தவறிவிட்டார், எந்த ஒர்க்‌ஷாப்பை மூடப் போகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். கருமாதி முடிந்த சில வாரங்கள் கழித்து, துக்கம் விசாரிக்க வந்தவனைப் போலப் போவேன். பேச்சோடு பேச்சாகப் பின்பக்கம் பார்வையை ஓட்டுவேன். இதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆனாலும் நான் செய்தது இதுதான்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று பாகான் டாலாம் பக்கம். அந்த வீட்டுக்காரர் லோரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஒர்க்‌ஷாப்பை மூடியபோது தௌக்கேயிடம் சம்பள பாக்கி கொடுக்கப் பணம் இல்லை. அதற்குப் பதிலாக, அவர் வேலை செய்த வைஸையே கழற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ரயில் சிலிப்பர் கட்டையில் பெஞ்ச் செய்து, பின்பக்கக் கூரைக்கடியில் பூட்டி வைத்திருந்தார். ஆறு இஞ்சு பார்க்கின்சன். தாடையின் இடது மூலை தேய்ந்து வழவழத்திருந்தது. நெம்பு இன்னும் வேலை செய்தது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தில் அதைக் காட்டவில்லை.

"பழைய இரும்புக்காரன் நாப்பது வெள்ளி தாரேன்னான், தம்பி. தூக்கிட்டுப் போறதுக்கு ஆள் இல்லன்னு விட்டுட்டுப் போயிட்டான்" என்றார் அந்த அம்மா.

"நான் எழுபது தாரேங்க்கா. நானே கழட்டி எடுத்துக்கிறேன்" என்றேன்.

அவர் சந்தோஷப்பட்டார். எனக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார். விஷயம் தெரிந்தவர்களிடம் அந்த வைஸ் எழுபது வெள்ளியைப் போலப் பத்து மடங்கு போகும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த வைஸ், கணவரின் உழைப்புக்கு வர வேண்டிய கூலி வராமல் போய், அதற்கு ஈடாக வந்த இரும்பு. அவருக்கு இரண்டாவது முறையும் கூலி மறுக்கப்பட்டது. மறுத்தவன் நான். "பழைய இரும்புக்காரன் சொன்ன விலையைவிடக் கூடத்தானே கொடுத்தேன்" என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்காரனிடம் சாமானின் விலை அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பேரம் பேசுவது வேறு. விலை தெரியாது என்பதற்காகவே ஒருவரைத் தேடிப் போவது வேறு. அந்த வித்தியாசம் அன்றே எனக்குத் தெரியும்.

அடுத்தது, புதுப்பித்த கதை. பழைய வைஸைச் சரிசெய்ய முறையான வழிகள் இருக்கின்றன. எல்லாம் எனக்குத் தெரியும். துருவை எடுக்க நல்ல வழி மின்சாரம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, வைஸை அதில் தொங்கவிட்டு, பாட்டரி சார்ஜரின் மைனஸை அதில் மாட்ட வேண்டும். பிளஸை வேண்டாத இரும்புத் தகடு ஒன்றில் மாட்ட வேண்டும். ஸ்டெயின்லெஸ் தகடு கூடாது, அதிலிருந்து குரோமியம் நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். ஓர் இரவு போனால் துரு கருத்து, பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிரும். இரும்பு ஒரு மயிரிழைகூடக் குறையாது. வார்ப்பெழுத்தும், உளி பட்ட தடமும், கம்பெனி முத்திரையும் இருந்தபடியே இருக்கும். வெளியே எடுத்ததும் துடைத்து, காயவைத்து, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். பட்டர்வொர்த் கடற்காற்றில் கொஞ்சம் அசந்தால் அரை மணி நேரத்தில் மறுபடி துரு பூத்துவிடும்.

இது பொறுமை கேட்கும் வேலை. எனக்குப் பொறுமை இல்லை. கிரைண்டரில் கம்பிச் சக்கரத்தை மாட்டி ஒரே மூச்சில் சுத்தம் செய்தேன். கம்பிச் சக்கரம் போதாத இடத்தில் கல்லையே போட்டேன். இரும்பு பளபளத்தால் போதும் என்று இருந்தேன். பழைய பெயின்ட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு தெரியும். அது காரீயச் செந்தூரம், அந்தக் காலத்துத் துருத்தடுப்புப் பூச்சு. காரீயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொஞ்சம் போனாலும் கெடுதல்தான். நான் அந்தத் தூளைப் பின்கட்டில் பறக்கவிட்டேன். அடுத்த கொடியில் என் பேத்தியின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அவளைப் பற்றிய ஞாபகம் வரவில்லை. என் மகள் அந்த ஆரஞ்சுத் தூளைத் தரையில் பார்த்துக் கேட்டபோது, "வெறும் துரும்மா" என்றேன். பிறகு டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தம் பார்த்தோம், பயப்படும்படி ஒன்றும் இல்லை. அதனால் நான் சொன்ன பொய் சின்னதாகிவிடாது.

இன்னொரு வைஸ், ஒரு ரெக்கார்ட், அசையாத தாடையின் அடியில் விரிசலோடு வந்தது. கைப்பிடியில் நீளமான குழாயைச் சொருகி அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உள்ளே கரி தகடுதகடாகப் படிந்திருப்பதால் இழுத்தால் அந்தத் தகடுகளின் ஓரமாகவே பிளக்கும். அதை ஒட்ட வேண்டுமானால் பித்தளை வைத்து ஊதி ஒட்டலாம். இல்லாவிட்டால் முழு வார்ப்பையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்து, ஒவ்வொரு தையலையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, கடைசியில் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடலாம். நிக்கல் கம்பி விலை அதிகம். நான் சாதாரணக் கம்பியை வைத்துக் குளிர்ந்த இரும்பில் வெல்டிங் அடித்தேன். ஆறும்போது டிங் என்று ஒரு சத்தம். வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல். அந்த இடம் கண்ணாடிபோல் கெட்டித்து, நொறுங்கிப்போகும் நிலைக்கு வந்திருந்தது. ஆற்ற முடியாத காயத்தை நானே உண்டாக்கினேன். பட்டி பூசி, தேய்த்து, நீல பெயின்ட் அடித்து, விரிசல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தேன். வந்தவர்கள் அதிகமாகப் பாராட்டியது அந்த வைஸைத்தான்.

இவற்றையெல்லாம்விட என்னை உறங்கவிடாதது அந்தப் பார்க்கின்சன். அதன் நகரும் தண்டின் மேல்பக்கத்தில், சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துகள். அந்த ஃபிட்டர் தன் பேரைக் குத்தியிருந்தார். அதற்குப் பின்னால் உளியால் வெட்டிய மூன்று குறுக்குக் கோடுகள். அடிக்கடி செய்யும் ஏதோ ஒரு பாகத்துக்காகத் தாடையை எவ்வளவு திறக்க வேண்டும் என்று குறித்துவைத்த அளவு அது. லோரியின் எந்தப் பாகம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அது எழுத்து என்று எனக்குத் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தும் பார்த்தேன். ஆனால், சேகரிப்பவர்கள் இப்படிப்பட்ட தடங்களைக் காயமென்று கழித்துப் பேசுவார்கள். ஷிப்லிக் கம்பெனியின் பெயர் வார்ப்பில் எடுப்பாகத் தெரிய வேண்டும், அதைத் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம். கல் போட்ட கிரைண்டரால் அந்தப் பக்கத்தை ராவி எடுத்தேன். புள்ளிகள் ஆழமாக இருந்தன. போகும்வரை விடாமல் அழுத்தினேன். கோடுகளும் போயின. மேலே பெயின்ட் அடித்தேன். கடல் தாண்டி வந்த கம்பெனியின் பெயரைப் பொன்னிறத்தில் தீட்டினேன். அதே இரும்பின் முன்னால் ஓர் ஆயுள் முழுக்க நின்ற நம் மனிதரின் பெயர் எனக்கு அழுக்காகத் தெரிந்தது.

ஒருநாள் அவருடைய மகன் தேடி வந்தான். கோலாலம்பூரில் வேலை. அம்மா சொல்லி, விசாரித்து வந்திருக்கிறான். உள்ளே கூட்டிப் போனேன். வரிசையைப் பார்த்ததுமே அப்பாவின் வைஸை அடையாளம் கண்டுகொண்டான். பளபளப்பைத் தாண்டி எப்படிக் கண்டான் என்று தெரியவில்லை. கிட்டே போய், தண்டின் மேல் கையை வைத்துத் தடவினான்.

"அங்கிள், இங்க அப்பா பேரு அடிச்சிருந்துச்சே?"

"அதெல்லாம் துருவோட போயிருச்சுப்பா" என்றேன்.

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இத நான் திருப்பி வாங்கிக்கலாமா? என்ன வெல?" என்றான். நான் சந்தை விலையைச் சொன்னேன். ஆம், சொன்னேன். செய்த வேலைக்கும் பெயின்ட்டுக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன். அவன் தலையை ஆட்டி, "பாக்குறேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அம்மாவுக்கு நான் கொடுத்த தொகை அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அடுத்த வீட்டுக்காரர் பையன் தொழிற்கல்விக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். ஃபிட்டிங் பாடத்தில் முதலில் வருவதே ராவுவதுதான். ஒரு சதுர இரும்புத் துண்டை ஆறு பக்கமும் மட்டமாக ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் ஒளிக்கீற்று கசியக் கூடாது. கை பழக அது மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அரம் முன்னால் போகும்போது இடது கையின் அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும், வலது கையின் அழுத்தம் கூடிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் மட்டமாக வராமல் முதுகு வளைந்துவிடும். அவன் ஒரு மாலை வந்து, "அங்கிள், பரீட்சை வருது. உங்க வைஸ்ல கொஞ்சம் பழகிக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் வீட்டில் மேசைக்குக் கிளாம்ப் போடும் சின்ன வைஸ் ஒன்றுதான் இருந்தது. ராவும்போது மேசையோடு சேர்ந்து ஆடும்.

"பெயின்ட் காயல தம்பி. அடுத்த வாரம் வா" என்றேன். பெயின்ட் காய்ந்து மாதக்கணக்காகியிருந்தது. தாடையில் கீறல் விழுமே என்ற பயம்தான். முப்பது வைஸ் வைத்திருந்த எனக்கு ஒன்றைக்கூட அவனுக்குத் தர மனம் வரவில்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அந்த ஆடும் மேசையிலேயே பழகித் தேறிவிட்டான். நல்லது. என்னால் அவனுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால், கைத்தொழில் கற்க வந்த பிள்ளையைப் பொய் சொல்லி வாசலோடு அனுப்பியவனாக நான் ஆனேன்.

இந்த இடத்தில் என் பழைய வாதத்தையும் வைத்துவிடுகிறேன். நான் எடுக்காவிட்டால் இவையெல்லாம் உலைக்குப் போயிருக்குமே என்பேன். அது உண்மை. பழைய இரும்புக் கடை வாசலில் நல்ல நல்ல வைஸ்களைச் சம்மட்டியால் உடைத்து லோரியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட குவியலிலிருந்து எடுத்தவையும் என்னிடம் உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பழைய வைஸைத் தேடுவதும், அதன் திருகை விடுவிப்பதும், தேய்ந்த நட்டுக்குப் பதில் வெண்கலத்தில் கடைந்து போடுவதும் நல்ல காரியம்தான். அதில் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. ஆனால், பார்க்கின்சன் உலைக்குப் போகவிருந்தது அல்ல. அதன் சொந்தக்காரர் மகன் அதைத் தேடி வந்தான். காப்பாற்றினேன் என்ற சொல்லை வைத்து என் ஆசையை மூடிக்கொண்டேன். வைஸ் வேலையைப் பிடித்துக்கொடுக்கவே வார்க்கப்பட்டது. என்னிடம் வந்த எந்த வைஸும் பல வருடம் ஒரு துண்டு இரும்பைப் பிடிக்கவில்லை. உலையில் உருகியிருந்தால் கட்டடத்துக்குள் கம்பியாகவாவது ஏதாவது ஒன்றைத் தாங்கியிருக்கும்.

செய்ததைச் சரிக்கட்ட முடியாது என்று தெரிந்தும் சிலவற்றைச் செய்திருக்கிறேன். பார்க்கின்சனை லோரியில் ஏற்றி அந்த வீட்டில் இறக்கினேன். மகனும் இருந்தான். எழுபது வெள்ளிக்கு வாங்கியபோது அதன் விலை எனக்குத் தெரியும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பேர் துருவோடு போகவில்லை, நான்தான் ராவி எடுத்தேன் என்று மகனிடம் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. வைஸை வாங்கிக்கொண்டார்கள். எழுபது வெள்ளியைத் திருப்பித் தர வந்தார்கள், நான் வாங்கவில்லை. அந்தப் புள்ளிகளை மறுபடி குத்தித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். என் கை குத்தினால் அது அவர் பெயராக இருக்காது.

விரிசல் விட்ட ரெக்கார்டின் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது விரிசல் வெளியே தெரிகிறது. இனி அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன், இறுக்கும்போது உடைந்தால் ஒருவர் கை போய்விடும். முன்வாசல் கூரைக்கடியில் கெட்டியான பெஞ்ச் போட்டு, இரண்டு ரெக்கார்ட் வைஸ்களை இரண்டு உயரத்தில் பூட்டியிருக்கிறேன். ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. தெருவில் யார் வேண்டுமானாலும் வந்து செய்துகொள்ளலாம். சைக்கிள் பெடலும் தண்ணீர்க் குழாயும் நாற்காலிக் காலும் வருகின்றன. தாடையில் கீறல்கள் விழுந்துவிட்டன. முதல் கீறலைப் பார்த்தபோது எனக்கு வலித்தது உண்மை. நானும் அதே வைஸில் ராவிப் பழகுகிறேன். ராவிய பக்கம் முதுகு வளைந்துதான் வருகிறது. ஒரு பழைய ஃபிட்டர் பக்கத்தில் நின்று, "அவசரப்படாதீங்க, அரத்த ஓட விடுங்க" என்கிறார். அவர் பெயரையும், எந்தப் பட்டறையில் என்ன செய்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். மீதியுள்ள வைஸ்களையும் யாரிடமிருந்து வந்தவை என்று விசாரித்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்கே தெரியவில்லை. வாங்கும்போது நான் கேட்கவே இல்லை.

என்னைப் போலச் சேர்க்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். துருவை எடுங்கள், தடத்தை எடுக்காதீர்கள். விலையை முதலில் நீங்கள் சொல்லுங்கள், உண்மையான விலையை. ஒரு வைஸுக்குமேல் உங்களிடம் இருந்தால் அதில் ஒன்றையாவது வேலை செய்கிறவன் கைக்குக் கொடுங்கள்.

வீட்டில் அப்பாவின் பழைய வைஸ் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதைக் கேட்டு யாராவது வந்தால், கோப்பி கொடுப்பதற்கு முன்னால், "இது உண்மையில என்ன வெல போகும்?" என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கொடுக்காதீர்கள். நான் தயங்கியிருப்பேன்.